வழி வெட்டியவனுக்கு வழியுரிமை எங்கே?

கிறவல் என்னும் சொல்லை மலைநாட்டில் அறியாதார் எவருமிலர். மழை பெய்தால் சேறு, வெயில் எறித்தால் புழுதி. தேர்தல் வந்தால் தார் போடப்படும் என்ற வாக்குறுதி, தேர்தல் போனால் அதே குண்டும் குழியும். பிள்ளைப்பேற்று நோவெடுத்த பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டோடும்போது, அவள் அலறுவது நோவினாலா பாதையினாலா என்று பிரித்தறிய முடியாத பாதைக்குத்தான் நம்மவர் கிறவல் பாதை என்று பெயரிட்டிருக்கின்றனர்.

அதே சொல் இன்று மேல்நாடுகளில் ஒரு விளையாட்டின் பெயர். தார் வீதியை வேண்டுமென்றே விட்டு விலகி, கல்லும் மண்ணுமான பாதைகளைத் தேடிச் சென்று ஓட்டுவதற்கென்றே ஒருவகைத் துவிச்சக்கர வண்டியைச் செய்கின்றனர். கைப்பிடி பந்தய வண்டியினதைப் போல வளைந்திருக்கும். டயர் மட்டும் தடித்து, 40 மில்லிமீற்றர் அளவுக்கு அகன்று, கல்லை விழுங்கிக் கொண்டு ஓடும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூரில் 2006 ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் பந்தயம் இன்று உலகறிந்த பந்தயம். 2022 ஆம் ஆண்டில் சர்வதேசத் துவிச்சக்கர வண்டிச் சம்மேளனம் இத்தாலியில் இவ்விளையாட்டுக்கு முதலாவது உலகச் சம்பியன் போட்டியையே நடத்திவிட்டது. நமக்குத் தண்டனையாக வாய்த்தது அவர்களுக்கு வரமாகிவிட்டது. அவர்கள் கடல் கடந்து தேடியலையும் கிறவல் நம் லயத்து வாசலிலே கிடக்கிறது!

கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலையில், 1925 ஆம் ஆண்டு எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை நூதனசாலையாக நிற்கின்றது. அவ்விடத்திலிருந்து புறப்பட்டு, கலஹா, லூல்கந்துர, தவலந்தன்னை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை எனச் சுற்றி, அப்புத்தளையும் எல்லவும் தொட்டு, திரும்பி வந்து நுவரெலியாவருகே முடியும் நீண்ட பாதையொன்று வகுக்கப்பட்டிருக்கின்றது. 300 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட நீளம், 22 பகுதிகள், 'பீக்கோ ட்ரெயில்' என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் யுஎஸ்எயிட் நிறுவனமும் இதற்குப் பொருளுதவி செய்தன. நடப்போருக்கென முதலில் வகுக்கப்பட்டதாயினும், இதன் நெடுந்தொலைவு பழைய தோட்டத்து வண்டிப் பாதையாகையால், கிறவல் வண்டியோட்டிகளும் இதில் ஓடுகின்றனர். கண்டிக்குக் கிழக்கே ரங்கலை, கார்பட் கணவாய், மீமுரே என்று நக்கிள்ஸ் காட்டின் விளிம்பைச் சுற்றும் பாதைகளும் அவர்களுக்கு உவப்பானவையே.

ஏன் உவப்பானவை என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். தோட்டத்துப் பாதை மாட்டு வண்டிக்காக வெட்டப்பட்டது. மூட்டை ஏற்றிய மாடு மூச்சுத் திணறாமல் ஏற வேண்டுமானால் ஏற்றம் மெதுவாக இருத்தல் வேண்டும். ஆகவே மலையை நேராகப் பிளக்காமல், அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, மட்டம் பிடித்து, பாதையைக் கொண்டு சென்றனர். மேற்புறம் கான் வெட்டி மழைநீரை ஒதுக்கினர். கீழ்ப்புறம் சாந்தின்றிக் கல்லின்மேற் கல்லடுக்கிச் சரிவைத் தாங்கினர். நீரோடும் இடத்தில் மதகு வைத்தனர். மாட்டுக்கு இசைந்த ஏற்றம் மனிதக் காலுக்கும் இசைகின்றது. நூறு, நூற்றைம்பது ஆண்டு மழைக்குப் பின்னும் அக்கற்கட்டுகள் பல இன்றும் அசையாமல் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பெரட்டுப் புத்தகத்தில் ஒரு நாட்கூலிக் கோடாக இருந்து, புத்தகத்தோடு மக்கிப் போயிற்று.

இப்பாதைகளுக்கு வண்டியோட்டிகள் வரலாமா, வரலாகாதா என்று நம் நண்பர்களிடையே ஒரு வாதம் நடக்கின்றது. நம் வறுமையைக் காட்சிப் பொருளாக்குகின்றனர். லயத்து வாசலில் உலரும் சேலையையும் மூக்கொழுகும் குழந்தையையும் படம் பிடித்துக் கொண்டு போகின்றனர். இதனை நிறுத்தக் கிளர்ச்சி செய்ய வேண்டும் என்கின்றனர் சில இளைஞர்கள். அவர்தம் கொதிப்பு நமக்கு விளங்குகின்றது. ஆயினும் நாம் அக்கட்சியில் இல்லை. ஊரார் கண்ணிற் படாமல் வேலியடைத்து வைக்கப்பட்டதாலன்றோ தோட்டம் இத்தனை காலம் ஒரு தனி அரசாங்கமாக நடந்தது? 1930 களிலும் 1940 களிலும் தொழிற்சங்கத்தார் தோட்ட எல்லைக்குள் காலெடுத்து வைத்தாலே அத்துமீறிப் புகுந்த குற்றம் என்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட காலத்தை நம் பெரியோர் கண்டிருக்கின்றனர். பூட்டிக் கிடந்த கதவு எவன் தள்ளித் திறந்தாலும் நமக்கு நன்மையே. வருவோர் வரட்டும். ஆனால் வருவோனுக்குத் திறந்த வழி வாழ்வோனுக்கும் திறந்திருக்கின்றதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அந்தக் கேள்விக்கு இதுவரை எவரும் விடை சொல்லவில்லை.

பாதையின் கதை நெடிது. கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்த பின்னர், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி வெட்டுவித்தார். இராஜகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழியத்தைக் கொண்டு சிங்களக் குடியானவரை அவ்வேலைக்கு இழுத்தனர். பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரியவை என்று எழுதி, மலையை ஏக்கர் ஏக்கராகத் தோட்டக்காரருக்கு விற்றனர். கிராமத்தான் விறகு பொறுக்கிய காடும், மாடு மேய்த்த பத்தனையும், அவன் நடந்த ஒற்றையடிப் பாதையும் ஒரே கையெழுத்தில் கைமாறின. கண்டியச் சிங்களக் குடியானவனின் மனக்குறை பொய்க்குறையன்று. அதனை நாம் மறுப்பதில்லை. அவனிடமிருந்து பறித்தது நாமல்லோம் என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றோம். பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். பழி மட்டும் லயத்திலே தங்கிவிட்டது.

வெற்று மலையில் கோப்பி நட ஆள் வேண்டும். மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சிக் கிளம்பினர் நம் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்தோர் தொகை கணக்கில் அடங்காது. 2023 ஆம் ஆண்டில், அந்த வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததையொட்டி, ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்த நடைபயணத்தில், மூதாதையர் காலடி பட்ட அதே தடத்தில் பேரர்கள் மீண்டும் நடந்தனர். உல்லாசப் பிரயாணத் துறையினர் பாதைகளுக்குப் பெயர் சூட்டும் இக்காலத்தில், இந்நாட்டின் நீண்ட பாதைகளில் அதுவும் ஒன்று என்பதை எவராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வந்து சேர்ந்த பின்னர் என்ன நடந்தது? பாதையை வெட்டியவனுக்கே அப்பாதையில் நடந்து வெளியேற உரிமையில்லை. 'துண்டு' என்றொரு சீட்டு; அவன் தலைமேலுள்ள கடன் இவ்வளவு, அதனைக் கட்டுவோர் அவனைக் கொண்டுபோகலாம் என்று எழுதிய சீட்டு. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921 ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1930 களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளுக்கு வாக்குரிமை விரிந்தபோது, தோட்டத்தில் வதியும் இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து அடியோடு வேரறுத்தது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டை பிரிப்பது போல் மக்களைப் பிரித்தது. எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே குடியுரிமை முற்றுப்பெற்றது.

துவிச்சக்கர வண்டிக்கும் பிரசாவுரிமைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அரசியல்வாதி தார் கொண்டு வருவான்? பக்கத்துக் கிராமத்துக்குத் தார் வீதி வந்து தோட்ட எல்லையில் கத்தி வைத்து வெட்டியது போல் நின்றதே, அதன் காரணம் அங்கேதான் இருக்கின்றது. இன்று வண்டியோட்டிகள் கெடாத பழமை என்று போற்றுவது, ஒரு சமூகத்துக்கு வாக்கில்லாதிருந்த காலத்தின் அடையாளமேயன்றி வேறில்லை.

வாக்கு வந்த பின்னும் சட்டம் விட்டபாடில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடல் ஆகாது என்று முப்பது ஆண்டுகள் கதவடைத்தனர். தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்வர். அச்சபை அவர்களுக்கு ஒரு மின்குமிழும் மாட்டக் கூடாது! நீதிமன்றத்தில் இப்படியொரு வாதத்தை எவரேனும் எடுத்துரைத்தால் நீதிபதி சிரித்துவிடுவார். ஆனால் இந்நாட்டில் முப்பது ஆண்டுகள் அதுவே ஆட்சி முறையாக நின்றது. 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அத்தடை நீங்கியது. தடை நீங்கியதேயன்றிக் கடமை பிறக்கவில்லை. செலவிடலாம் என்கிறது சட்டம். செலவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பாதையோ இன்னமும் தோட்டத்துப் பாதை, சபையின் பாதையன்று.

சட்டத்தின் நுணுக்கத்தை இன்னுஞ் சிறிது பொறுமையோடு வாசகர் கேட்க வேண்டும். பிறன் காணியினூடாகப் பத்தாண்டு தடையின்றி, எவருடைய அனுமதியையும் வேண்டாமல், உரிமையோடு நடந்து வந்தவனுக்கு அவ்வழியில் உரித்துப் பிறக்கும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த விதி. கண்டியிலே எத்தனையோ ஒழுங்கைகள் இவ்விதியாற் காக்கப்பட்டிருக்கின்றன. பத்தாண்டு நடந்தவனுக்கு உரித்து என்றால், ஐந்து தலைமுறை நடந்தவனுக்கு? ஒன்றுமில்லை! ஏன்? தொழிலாளி தோட்டத்தின் அனுமதியால் அங்கே இருப்பவன். அனுமதியால் இருப்பவனுக்கு எத்தனை ஆண்டாயினும் உரித்துப் பிறவாது. அஃதன்றி, 1972 ஆம் ஆண்டினதும் 1975 ஆம் ஆண்டினதும் காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் பெருந்தோட்ட நிலமெல்லாம் அரசுடைமை; அரசுக்கெதிராக இவ்விதி செல்லாது. முன்வாசலும் அடைப்பு, பின்வாசலும் அடைப்பு.

ஆயினும், அடைத்த அதே சட்டமே ஒரு வழியையும் காட்டுகின்றது. நிலம் அரசினுடையது என்றால், பாதையைப் பொதுப் பாதையாக்குவதற்கு எந்தத் தனியாருக்கும் நட்டஈடு கொடுக்க வேண்டிய தேவையில்லை அல்லவா? 1992 இல் நிர்வாகத்தைக் கையேற்ற பிராந்தியக் கம்பனிகள் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர்; 53 ஆண்டுக் குத்தகைக்காரர். அவர்தம் தவணை 2045 இல் முடிகின்றது. ஹந்தானையும் லூல்கந்துரவுமோ கம்பனிகளிடம் கூட இல்லை. ஜனவசம என்று நம்மவர் வழங்கும் அரசாங்கத் தோட்ட அபிவிருத்திச் சபையின் கையில் உள்ளன. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவதற்கு எத்தனை ஆணைக்குழு வேண்டும்? ஒரு நில அளவை, ஒரு வர்த்தமானி, ஒரு கையெழுத்து.

லூல்கந்துர என்றவுடன் ஜேம்ஸ் டெய்லர் நினைவுக்கு வருவார். 1852 ஆம் ஆண்டில், பதினேழு வயதும் நிரம்பாத பிள்ளையாக ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். 1867 இல் அத்தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, அந்த 19 ஏக்கரே இந்நாட்டின் பிழைப்பாயிற்று. அவர் அமர்ந்து மலை பார்த்த கல்லாசனம் இன்றும் காட்டப்படுகின்றது. தொழிலாளர் அவரைச் 'சாமித்துரை' என்றழைத்தனர் என்பர். 1892 இல் அவர் இறந்தபோது, சடலத்தை மலையிலிருந்து கண்டி மகியாவை மயானம் வரை தோளிற் சுமந்து வந்தவர்கள் அத்தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களே. அவர் தனி மனிதராக நல்லவர் என்பதில் நமக்கு வழக்கில்லை.

ஆனால் அவருடைய தாய்நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1886 ஆம் ஆண்டில், ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் பிரபுக்களின் நிலத்தில் குடியிருந்து பயிரிட்ட ஏழைக் குடியானவரை, வாடகை செலுத்தும் வரையில் எழுப்பலாகாது என்று சட்டம் வந்தது. குடியிருப்பு நிலைபெற்றது, பிள்ளைக்கு அதனை விட்டுச் செல்லும் உரிமையும் பிறந்தது. பின்னர், 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தில், அந்நாட்டுப் பாராளுமன்றம் இரண்டு காரியங்களை ஒருசேரச் செய்தது. நடப்போரும் துவிச்சக்கர வண்டியோட்டிகளும் பொறுப்போடு நடந்துகொள்ளும் வரையில், எவருடைய மலையினூடாகவும் செல்லலாம் என்றது. அதே சட்டத்தில், அந்நிலத்தில் வாழும் சமூகத்தார் ஒன்றுகூடி நிலத்தையே விலைக்கு வாங்கும் உரிமையையும் கொடுத்தது. வருவோனுக்கு வழி, வாழ்வோனுக்கு நிலம். இரண்டும் ஒரே ஏட்டில். ஸ்கொட்லாந்துக்காரன் கொணர்ந்த தேயிலையை ஏற்றுக்கொண்டோம். அவன் வைத்த பெயர்களை இன்னும் தோட்டங்களுக்கு வைத்திருக்கின்றோம். அவன் நாட்டுச் சட்டத்தைக் கொணர்வதில் மட்டும் என்ன தடை?

வழியை மட்டும் திறந்து நிலத்தைக் கொடாது விட்டால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை; கண்முன்னே நடக்கின்றது. வண்டியோட்டி ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கு வருகின்றான், களைப்பு, தாகம். லயத்து வாசலில் நிற்கும் பெண் தேநீர் வைக்கத் தெரியாதவளா? அவள் பறித்த கொழுந்து; அவள் வீட்டு நெருப்பு. ஆனால் ஒரு மேசை போட்டு, பலகை தொங்கவிட்டு, விலை எழுதி வைக்கத் துணிந்தாளானால், யார் அனுமதித்தது என்ற கேள்வி வருகின்றது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் தங்குமிடமொன்றைப் பதிவு செய்யப் புகுவோன், அவ்விடத்தின் மேல் தனக்குள்ள உரித்தைக் காட்டவேண்டும். வங்கியிற் கடன் கேட்டால், உறுதி எங்கே என்கின்றனர். பிறந்த அறை, பாட்டனார் இறந்த அறை, ஆனால் காகிதத்தில் அது தோட்டத்தின் அறை. ஆகவே தங்குமிடம் எங்கே எழும்பும்? துரைமார் வாழ்ந்த பங்களாக்களில். அவை விடுதிகளாகிவிட்டன, அங்கே ஓரிரவுக்கு அறவிடும் தொகை தோட்டத்துப் பெண்ணொருத்தியின் பல மாதச் சம்பளம். 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்கூலியை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தி, வரவுக்கென அரசு 200 ரூபா சேர்த்து 1,750 ரூபா ஆக்குவதாக அறிவித்தபோது, நாடே திரண்டு வழங்கிய கொடை போல அதனைப் பேசினர். அவ்வளவுதான் அவள் விலை!

காணி கொடுத்தால் விற்றுவிடுவர் என்று சிலர் எதிர்வாதம் புரிகின்றனர். கொழும்பில் காணி வைத்திருப்போர் விற்பதில்லையா? அவர்களிடம் எவரும் முன்பிணை கேட்பதில்லையே! விற்றுவிடுவர் என்ற அச்சம் உண்மையாயின், சில ஆண்டுகளுக்குக் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை உறுதியிலேயே எழுதலாம். கிராமத்துக் குடியேற்றங்களில் அரசு எழுதாத நிபந்தனையா அது? வேறு சிலர், காடு அழியும் என்கின்றனர். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஹந்தானைத் தொடர் 2010 ஆம் ஆண்டு சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்டது. அதே ஆண்டில் நக்கிள்ஸ் காடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அக்காட்டினுள்ளே டயர்த் தடம் பட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மழைக்காலத்தில் ஈரமண்ணில் வண்டி ஓடினால் தடம் வாய்க்காலாகும், வாய்க்கால் பள்ளமாகும் என்பதைக் கான் வெட்டிய எந்தத் தொழிலாளியும் சொல்வான். நாம் பேசுவது காட்டைப் பற்றியன்று; நூறாண்டுக்கு முன்னரே காடு வெட்டப்பட்டுத் தேயிலையான மலையைப் பற்றியும், அதிலுள்ள லயத்தையும் அதன் வாசற் பாதையையும் பற்றியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டமே மிகுந்த உயிர்ப்பலி கொடுத்தது. மலை சரிந்தது, பாதை அறுந்தது, துண்டிக்கப்பட்ட தோட்டங்களில் மண்ணைக் கையாலும் மண்வெட்டியாலும் வாரி, ஆள் நடக்கும் அளவுக்கு வழி செய்து, நோயாளிகளைத் தோளிலே தூக்கி வந்தவர்கள் அவ்வத் தோட்டத்து மக்கள்தாம். பாதை அவர்களுடையதன்று என்று சொல்லும் சட்டம் அன்று எங்கே போயிற்று? வீட்டை முற்றாக இழந்தோருக்கு 50 இலட்சம் ரூபா என அரசு அறிவித்தது. நன்று. ஆனால் தன்னுடைய வீடு என்று காட்டுவதற்குத் துண்டுக் காகிதமும் இல்லாத லயத்தவன் அந்த வரிசையில் எவ்விடத்தில் நிற்பான்? ஏழு பேர்ச்சஸ் காணி என்று பேசத் தொடங்கி எத்தனை ஆண்டுகள்! மலை சரிவதற்கு அத்தனை ஆண்டுகள் எடுக்கவில்லை.

பாதையோரத்துப் பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூல்கந்துரவுக்கு அயலே, அதே ஹேவாஹெட்டை மலைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டம் இருக்கின்றது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்கு அங்கே இரையானார் கோவிந்தன் என்னும் தொழிலாளி. அச்சாவை விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது, அமைச்சரவையே கலங்கியது. டெய்லருக்குக் கல்லாசனம் இருக்கட்டும். வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கும் வெள்ளைக்காரப் பிள்ளை, கோவிந்தன் யார் என்பதையும் மூன்று மொழியிலும் ஆங்கிலம் உட்பட வாசித்துவிட்டுப் போகட்டும். அதற்காகும் செலவு ஒரு மரப் பலகையும் ஒரு டப்பா வர்ணமும்.

இனிச் செய்யத்தக்கதைச் சொல்வோம். ஹந்தானையிலிருந்து கலஹா வழியாக லூல்கந்துர வரையுள்ள தோட்டப் பாதையை, சபைகளின் பொறுப்பிலுள்ள பொதுப் பாதையாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்துமாறு கேட்டும், அப்பாதையோரத்து லயக் குடும்பங்களுக்குக் காணி அளந்து உறுதி வழங்கும் வேலையை அதனோடு ஒரே நில அளவையில் முடிக்குமாறு கேட்டும், அவ்வெல்லையிலுள்ள பிரதேச சபைகள் தீர்மானம் நிறைவேற்றலாம். 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குப் போதிய அடிப்படை. சபையில் எந்தக் கட்சியின் பெயரால் அமர்ந்திருப்பவராயினும், தோட்டத்து வாக்கைப் பெற்று வந்தவர் இதனை மறுக்க முடியாது. மறுப்பாராயின் அவர் பெயரை அடுத்த தேர்தல் வரை நாம் நினைவில் வைத்திருப்போம். பாதையினால் வருமானம் பெறும் விடுதிகளிடம் சபை அறவிடும் வரியில் ஒரு பங்கைக் கான் வெட்டவும் கற்கட்டைத் திருத்தவும் ஒதுக்கி, அவ்வேலையை அவ்வத் தோட்டத்தாருக்கே கொந்தரப்பாகக் கொடுக்கலாம். தீர்மானத்தின் நகலைச் சட்ட முறைப்படி வரைந்து வைத்திருக்கின்றோம். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் சபை உறுப்பினர்களும் வாரநாட்களில் மாலை நான்கு மணிக்குப் பின்னர் கண்டியிலுள்ள நமது அலுவலகத்தில் அதனைப் பெற்றுக்கொள்ளலாம். மூன்று பிரதிகளிற் கையொப்பம் வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டு வருக.